ஏழு மாதம் நின்ற வண்டி: செட்டிநாட்டு வீடுகளில் இ20 பெட்ரோல் செய்வதும் செய்யாததும்

கார்த்திகைக் கடைசியில், மழை ஓயும் நேரத்தில், காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் பூட்டிய வீடுகள் திறக்கும். பிள்ளையார் நோன்புக்கோ தைப் பொங்கலுக்கோ சென்னையிலிருந்தும் கடல் கடந்தும் குடும்பங்கள் வந்து இறங்கும். வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் சாக்குப் போட்டு மூடி வைத்த மோட்டார் சைக்கிளைத் துடைத்து உதைத்தால் எடுக்காது. முன்பெல்லாம் பிளக்கைத் துடைத்து மாட்டினால் ஓடிவிடும். இப்போது அதில் தீருவதில்லை. மெக்கானிக் பெட்ரோலைக் குறை சொல்கிறார். வீட்டுக்காரர் பங்க்கைக் குறை சொல்கிறார். இரண்டு பேரும் சேர்ந்து எத்தனாலை, அதாவது கரும்பிலிருந்தும் தானியத்திலிருந்தும் எடுத்துப் பெட்ரோலில் கலக்கும் ஆல்கஹாலை, குறை சொல்கிறார்கள். அதை இருபது சதவீதம் கலந்த பெட்ரோல்தான் இ20.

இந்த மூன்று குற்றச்சாட்டில் எது நிற்கும், எது நிற்காது என்று பார்ப்பதுதான் இந்த ஆய்வு. பள்ளத்தூர், கானாடுகாத்தான், தேவகோட்டை வட்டாரத்து வீடுகளில் ஒரே மாதிரி வரும் பழுது என்பதால், அதை ஒரு மாதிரி வண்டியின் உருவில் தருகிறோம். இது எந்த ஒரு வீட்டின் வண்டியும் அல்ல. அளவுகள் இந்த வகைப் பழுதில் எதிர்பார்க்க வேண்டியவை.

வண்டியும் அது நின்ற இடமும்

100 சிசி மோட்டார் சைக்கிள். 2011 வாக்கில் வாங்கியது. கார்புரேட்டர் வண்டி, இரும்புத் தகட்டு டேங்க், கொள்ளளவு 10 லிட்டர். சித்திரையில் ஒரு கல்யாணத்துக்கு வந்தவர்கள் ஒரு வாரம் ஓட்டினார்கள். அப்போது எந்தத் தொல்லையும் இல்லை. புறப்படும்போது டேங்கில் 4 லிட்டர் இருந்தது. டேங்க்கிலிருந்து கார்புரேட்டருக்குப் பெட்ரோலைத் திறந்து மூடும் திருகை (பெட்ரோல் காக்) மூடவில்லை. வீட்டைப் பார்த்துக்கொள்பவர் வண்டியைத் தள்ளிக் கொண்டுபோய் தாழ்வார ஓரத்தில், முற்றத்து மூலையை ஒட்டி நிறுத்தினார். ஓட்டுச் சரிவுகள் இரண்டு சேர்ந்து மழைத்தண்ணீர் இறங்கும் மூலை அது. அண்டா வைத்துப் பிடிப்பதற்கென்றே விட்ட இடம்.

அதன் பிறகு ஏழு மாதம் ஒருவரும் தொடவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழை முழுவதும் அதற்குள் அடங்கிவிட்டது.

இந்த வகை டேங்க்கின் மூடியைக் கவனித்துப் பார்த்தால் அதைச் சுற்றி வட்டமாக ஒரு பள்ளம் தெரியும். பள்ளத்தில் தீக்குச்சி நுனி அளவில் ஒரு துளை. மூடிமேல் விழும் தண்ணீர் அந்தத் துளை வழியாக, டேங்க்குக்குள் ஓடும் மெல்லிய குழாயில் இறங்கி வண்டிக்கு அடியில் சொட்டிவிடும். பெட்ரோலுக்கும் அந்தக் குழாய்க்கும் சம்பந்தம் கிடையாது. தூசியும் குளவி மண்ணும் துளையை அடைத்துவிட்டால் பள்ளம் சின்னக் குளமாகிவிடும். மூடியின் அடி ரப்பர் பத்து வருடத்தில் இறுகிப் பிளாஸ்டிக் மாதிரி ஆகியிருக்கும். இரவில் டேங்க் குளிர்ந்து உள்காற்று சுருங்கும்போது தேங்கிய தண்ணீரை ரப்பர் விளிம்பு வழியே உறிஞ்சிக்கொள்ளும். ஒரு இரவுக்கு ஒரு தேக்கரண்டி போதும்.

பார்த்தது

சோக் போட்டு இருபது உதை. ஒரு தடவை இருமியது, நின்றுவிட்டது. பிளக்கைக் கழற்றினால் ஈரம். தனியாக வைத்துப் பார்த்தால் தீப்பொறி நன்றாக வருகிறது. கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்திலிருந்து விட்டுப் பார்த்ததில் பெட்ரோல் வாசனையே இல்லை, பழைய வார்னிஷ் வாசனை.

"அண்ணே, பங்க்ல தண்ணியக் கலந்து குடுத்துட்டான். பாருங்க, அடியில அரை லிட்டருக்கு மேல நிக்குது."

மெக்கானிக் சொன்னதில் பாதி உண்மை. காக் வழியாகக் கண்ணாடி பாட்டிலில் பிடித்தபோது முதலில் வந்தது கலங்கிய, லேசான தேநீர் நிறத் திரவம், சுமார் 600 மி.லி. அதற்குப் பிறகுதான் தெளிந்த பெட்ரோல். பாட்டிலை அசையாமல் வைத்தால் நடுவில் கத்தியால் வெட்டியது போல் ஒரு கோடு.

ஆனால் அடியில் நின்றது வெறும் தண்ணீர் அல்ல. ஒரு ஸ்பூன் எடுத்து, வீட்டை விட்டுத் தள்ளி, மண் தரையில் ஊற்றித் தீக்குச்சி காட்டினால் நீலச் சுடரோடு எரியும். தண்ணீர் எரியாது. நிறத்தாலும் பார்க்கலாம்: ஒரு ஸ்பூன் தண்ணீரில் ஒரு சிட்டிகை கேசரிப் பவுடரைக் கரைத்துப் பாட்டிலில் விட்டால் நிறம் அடிப்பகுதியில் மட்டும் பரவும். மேலே நிற்கும் பெட்ரோல் நிறம் ஏறாது.

அடியில் நிற்பது எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்த கலவை, கொஞ்சம் பெட்ரோலும் உண்டு. எத்தனாலுக்குப் பெட்ரோலோடும் உறவு, தண்ணீரோடும் உறவு. ஆனால் தண்ணீர்ப் பக்கம்தான் சாய்வு அதிகம். பெட்ரோலில் தண்ணீர் ஓரளவு சேரும்வரை எத்தனால் அதைப் பிடித்துக் கரைத்து வைத்திருக்கும். அந்த அளவு தாண்டினால், எத்தனால் பெட்ரோலை விட்டுத் தண்ணீரோடு சேர்ந்து கீழே இறங்கிவிடும். பத்து சதவீதம் எத்தனால் கலந்த இ10-இல் 15 டிகிரி வெப்பத்தில் இந்த எல்லை அரை சதவீதம் வாக்கில். இருபது சதவீதம் கலந்த இ20-இல் அதைவிடக் கூடுதல். ஒரு சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 4 லிட்டருக்கு 40 மி.லி.

அதனால்தான் 100 மி.லி. மழைத்தண்ணீர், ஒரு காப்பி டம்ளர் அளவு, அரை லிட்டருக்கு மேல் அடியில் நிறுத்திவிட்டது. 4 லிட்டர் இ20-இல் எத்தனால் மட்டும் 800 மி.லி. இருக்கிறது. அதில் பெரும்பகுதி தண்ணீரோடு கீழே வந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியும் அளவை வைத்து "பங்க்கில் அரை லிட்டர் தண்ணீர் ஊற்றினார்கள்" என்று சொல்வது இங்கேதான் தவறிப்போகிறது. பங்க்கிலேயே பிரிந்த பெட்ரோல் வந்திருந்தால் சித்திரையில் ஒரு வாரம் வண்டி ஓடியிருக்காது.

காற்றிலிருந்து வந்த ஈரமா?

எத்தனால் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும், அதனால் நின்ற வண்டி கெடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். உறிஞ்சும் என்பது உண்மை. எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்ப்பவர்கள் குறைவு.

30 டிகிரி வெப்பத்தில் ஈரம் நிறைந்த காற்று ஒரு லிட்டரில் 0.03 கிராம் தண்ணீர் இருக்கும். டேங்க்கில் 6 லிட்டர் காற்றிடம். பகலில் விரிந்து இரவில் சுருங்கித் தினமும் ஒரு லிட்டர் காற்று முழுதாக மாறியது, அதிலிருந்த ஈரம் அத்தனையும் பெட்ரோலில் இறங்கியது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 220 நாளைக்கு 6.6 கிராம். தாங்கும் எல்லை 40. ஆறில் ஒரு பங்குதான் வருகிறது.

ஆகவே மூடி சரியாக இருக்கும் டேங்க்கில் ஏழு மாதக் காற்று மட்டும் பெட்ரோலைப் பிரிக்க முடியாது. பிரிந்திருக்கிறது என்றால் தண்ணீர் தண்ணீராகவே உள்ளே போயிருக்கிறது. மூடிப் பள்ளத்துத் துளையைத் தேடச் சொல்வது அதனால்தான். இந்த வண்டியில் அது மண்ணால் அடைத்திருந்தது.

கார்புரேட்டரைப் பிரித்தபோது

காக் திறந்தே கிடந்தது இரண்டாவது தவறு. கிண்ணத்தில் இருப்பது ஆவியாக ஆக, டேங்க்கின் அடியிலிருந்து இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. டேங்க்கின் அடி என்றால் அந்தத் தண்ணீர் எத்தனால்தான்.

சுத்தமான பெட்ரோலில் மின்சாரம் ஓடாது. துத்தநாக அலுமினியக் கலவையில் வார்த்த கிண்ணமும், பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள பித்தளை ஜெட்டும் ஒட்டி உட்கார்ந்திருந்தாலும் பெட்ரோலுக்குள் ஒன்றையொன்று தின்னாது. உப்பு கரைந்த தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்த திரவத்தில் மின்சாரம் ஓடும். இரண்டு உலோகம், நடுவே மின்சாரம் ஓடும் திரவம்: ஒரு சின்ன பேட்டரி தயாராகிவிடுகிறது. தேய்வது கிண்ணம், தப்பிப்பது பித்தளை. அழகப்ப செட்டியார் கொடுத்த நிலத்திலும் நன்கொடையிலும் 1953-இல் காரைக்குடியில் திறந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தின் முக்கியப் பாடங்களில் ஒன்று இந்த அரிமானம்தான். அதன் பாலபாடத்தை இந்தக் கிண்ணத்திலேயே பார்க்கலாம்.

கிண்ணத்தின் அடியில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடி. நகத்தால் சுரண்டினால் கீழே உலோகத்தில் குண்டூசிக் குழிகள். மெதுவோட்ட ஜெட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஒளி தெரியவில்லை. அதன் துளை 0.4 மி.மீ. கூட இல்லை. பொடியும் பெட்ரோல் பிசினும் சேர்ந்து அடைத்துவிட்டன. கிண்ணத்துக்குள் பெட்ரோல் வரவைத் திறந்து மூடும் மிதவை ஊசியின் ரப்பர் நுனி வளையம் வளையமாகத் தடித்திருந்தது.

காக்கைக் கழற்றினால் உள்ளே நான்கு துளை ரப்பர் வாஷர். புதியதையும் பழையதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பழையது ஊறிய அப்பளம் மாதிரி மேலே எழும்பி நிற்கிறது. சாதாரண நைட்ரைல் ரப்பர் எத்தனாலில் ஊதும். இந்த வாஷரை வெளியே எடுத்து இரண்டு நாள் காயவிட்டால் சுருங்கி விளிம்பில் வெடிக்கும். மெக்கானிக்குகளுக்குப் பெரும் குழப்பம் தரும் இடம் இது. ஈரமாக இருக்கும்போது கசியாத காக், டேங்க்கைக் காயவைத்து மறுபடி மாட்டியதும் கசியும். ஒரு தடவை காயவிட்ட ரப்பரைத் திரும்பப் போடக்கூடாது.

டேங்க்கின் அடியில் துரு, இரண்டு திரவங்களும் பிரிந்த கோடு வரைக்கும் மட்டும். அதற்கு மேல் தகடு பளபளப்பாக இருக்கிறது. பழி எத்தனால் மேலா, தண்ணீர் மேலா என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை. பிரியும்வரை இ20 தொட்டுக்கொண்டிருந்த மேல்பகுதியில் துரு இல்லை. தண்ணீர் கலந்த எத்தனால் நின்ற அடிப்பகுதியில் மட்டும் உண்டு.

சரிசெய்த முறை

முதலில் இடம். டேங்க்கை வீட்டுக்குள் திறக்கவே கூடாது. பர்மாத் தேக்குத் தூண்களுக்கு நடுவே சாமி விளக்கு, நோன்புக்கு ஏற்றிய திரி, மாவு இடிக்கும் அடுப்பு என்று தீ எங்கும் இருக்கிற நாட்கள் இவை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு தவழ்ந்து பத்தடி தள்ளி இருக்கும் விளக்கைத் தொட்டுவிடும். ஆத்தங்குடிக் கல் தரையில் சிந்தினால் கறையும் போகாது. கொல்லைப்புறம் திறந்த வெளியில், பகலில், மண் தரையில் செய்ய வேண்டிய வேலை.

பிரிந்த பெட்ரோலைத் திரும்பச் சேர்க்க எந்த மருந்தும் இல்லை. மேலே நிற்பதை மட்டும் எடுத்து ஓட்டலாமே என்று கேட்பார்கள். எத்தனால் இறங்கிவிட்டதால் அதன் ஆக்டேன் எண் (எஞ்சினில் தட்டாமல் எரியும் திறன்) குறைந்திருக்கும். ஏற்றத்தில் எஞ்சின் தட்டும். ஏழு மாதப் பெட்ரோலில் எளிதாக ஆவியாகும் பகுதியும் போயிருக்கும். பழைய டப்பாவில் பிடித்து, உதிரி பாகம் கழுவ வைத்துக்கொள்ளலாம். அடிக் கலவையைச் சாக்கடையிலோ ஊருணிப் பக்கமோ ஊற்றாமல், கழிவு எண்ணெய் சேர்த்து வைக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுக்க வேண்டும்.

டேங்க்கைச் சோப்புத் தண்ணீர் விட்டு நான்கைந்து முறை குலுக்கிக் கழுவி, பெட்ரோல் வாசனை முழுதும் போன பிறகுதான் துருவுக்கு மருந்து. எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) லிட்டருக்கு 60 முதல் 80 கிராம், வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, காக் துளையை அடைத்துவிட்டு டேங்க் நிறைய ஊற்றி ஓர் இரவு விட வேண்டும். மறுநாள் காலையில் தண்ணீர் கரும்பச்சையாக இருக்கும். வடித்துவிட்டு, லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கரைத்து ஒரு முறை, நல்ல தண்ணீர் இரண்டு முறை. இங்கே பலரும் கோட்டை விடுவது அடுத்த பத்து நிமிடத்தில்தான். மருந்து தின்ற தகடு வெறும் உடம்போடு நிற்கிறது. ஈரத்தோடு விட்டால் மதியத்துக்குள் மஞ்சள் துரு மறுபடி பூக்கும். உடனே காற்றடித்து, வெயிலில் காயவைத்து, சூடு ஆறியதும் 50 மி.லி. 2டி ஆயிலை (டூ-ஸ்ட்ரோக் வண்டிக்கான ஆயில்) உள்ளே விட்டு எல்லாப் பக்கமும் உருட்ட வேண்டும்.

கார்புரேட்டரில் ஜெட்டுகளைக் கழற்றி, கிளீனர் ஸ்பிரே விட்டு, காற்றடிக்க வேண்டும். ஊசியோ கம்பியோ விடக்கூடாது. 0.38 மி.மீ. துளை 0.40 ஆனால் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் பரப்பு பத்து சதவீதம் கூடிவிடும். மிதவை ஊசி, கிண்ணத்து ஓ-ரிங், காக் வாஷர், பெட்ரோல் டியூப், ஃபில்ட்டர் ஐந்தும் புதியவை. டியூப் வாங்கும்போது எத்தனால் தாங்கும் வகை என்று கேட்டு வாங்க வேண்டும். தாங்கும் ரப்பருக்கு வைட்டான் என்று பெயர், விலை கூடுதல். டேங்க் மூடி ரப்பரும் புதியது. பள்ளத்துத் துளையில் சைக்கிள் ஸ்போக் கம்பியை விட்டு மண்ணை எடுத்து, ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி அடியில் சொட்டுகிறதா என்று பார்த்த பிறகுதான் வேலை முடிந்தது என்று சொல்ல வேண்டும்.

எத்தனால் மேல் உண்மையாகவே வைக்க வேண்டிய குறை

இவ்வளவும் சொன்னதால் இ20 மேல் குறையே இல்லை என்று ஆகாது. குறை இருக்கிறது. அது வேறு இடத்தில் இருக்கிறது.

ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் வெப்பம். ஒரு லிட்டர் எத்தனாலில் 21-க்குச் சற்று மேல். கணக்குப் போட்டால் கலப்பே இல்லாத பெட்ரோலைவிட இ20-இல் லிட்டருக்கு ஏழு சதவீதம் வாக்கில் சக்தி குறைவு. இ10-ஓடு ஒப்பிட்டால் மூன்றரை சதவீதம். மாதம் 20 லிட்டர் போடுகிற ஒருவருக்கு, லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால், இ10-இலிருந்து இ20-க்கு மாறியதில் மாதம் 70 ரூபாய். காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் தினமும் போய்வருகிற கடைப் பையனுக்கு அது ஒரு நாள் சாப்பாட்டுக் காசு. "மைலேஜ் பாதியாகிவிட்டது" என்பது பொய். "ஒன்றும் குறையவில்லை" என்பதும் பொய்.

2021-இல் நிதி ஆயோக் வெளியிட்ட வழிகாட்டி அறிக்கையே, கலப்பில்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து இ10-க்கு ஒத்திசைத்த கார்களில் 6 முதல் 7 சதவீதமும், இருசக்கர வண்டிகளில் 3 முதல் 4 சதவீதமும் குறையும் என்று சொன்னது. அதே அறிக்கை, பழைய வண்டிகளின் பாதுகாப்புக்காக இ10 தொடர்ந்து 2025 வரை கிடைக்க வேண்டும் என்றும், குறைவை ஈடுகட்ட வரிச்சலுகை வேண்டும் என்றும் சொன்னது. 2018 உயிரி எரிபொருள் கொள்கையில் 20 சதவீத இலக்கு 2030-க்கு வைத்தது. அதை 2025-க்கு முன்னே இழுத்தார்கள். 2022 ஜூனில் 10 சதவீதம் எட்டியாயிற்று. 2023 பிப்ரவரியில் பெங்களூரில் இ20 அறிமுகம். 2025-இல் இலக்கும் எட்டியது. கலப்பு விரைந்து வந்தது, விலைச்சலுகை வரவில்லை. பழைய வண்டிக்காரருக்கு இ10 குழாய் என்று ஒன்று பங்க்கில் இல்லை. தேர்வு வேண்டும் என்று கேட்ட பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி தள்ளுபடி செய்தது. சட்டப்படி அது முடிந்தது. ஆனால் என் வண்டியில் என்ன ஊற்றுகிறீர்கள், எத்தனை சதவீதம் என்று குழாயின் மேல் எழுதிவைக்கச் சொல்வது எந்த விதத்திலும் அதிகப்படியான கோரிக்கை அல்ல. பிரேசில் 1975-இல் எத்தனால் திட்டத்தைத் தொடங்கி, 2025-இல் 30 சதவீதத்துக்கு வந்தது. அங்கே எந்தக் கலப்பையும் தாங்கும் வண்டிகள் இருபது வருடமாகத் தெருவில் ஓடுகின்றன. 30 சதவீதம் வருவதற்கு முன்பே வண்டி மாறியிருந்தது. இங்கே பெரும்பாலும் 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்தவைதான் ரப்பர் முதல் டேங்க் வரை இ20 தாங்கும் பொருளால் செய்தவை. அதற்கு முந்தைய வண்டிகள்தான் செட்டிநாட்டு வீடுகளில் நிற்கின்றன.

இன்னொரு குறை கார்புரேட்டருக்கு மட்டும் உரியது. ஒரு கிராம் பெட்ரோல் எரிய 14.6 கிராம் காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 போதும், ஏனென்றால் அதன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆக்சிஜன். இ20-க்கு 13.4 வாக்கில். பழைய ஜெட் அதே அளவு திரவத்தைத்தான் விடும். அதனால் கலவையில் காற்றின் பங்கு கூடிவிடும், இ10-ஓடு ஒப்பிட்டால் நான்கு சதவீதம். கார்புரேட்டர் இல்லாத இன்ஜெக்‌ஷன் வண்டியில் ஆக்சிஜன் சென்சார் பார்த்துச் சரிக்கட்டும். கார்புரேட்டருக்குக் கண் இல்லை. காலையில் எடுக்கச் சோக் தேவைப்படுவது, ஆக்சிலேட்டரைத் திருப்பியதும் ஒரு கணம் திணறுவது, பிளக் வெளுத்துச் சாம்பல் நிறமாவது ஆகியவை இதன் அடையாளங்கள்.

இந்த அடையாளங்கள் இருந்தால் மட்டும் பிரதான ஜெட்டை மாற்றலாம். துளை விட்டத்தையே எண்ணாகக் கொண்ட ஜெட்டுகளில் 78 என்றால் 0.78 மி.மீ. நான்கு சதவீதம் கூடுதல் ஓட்டத்துக்கு விட்டம் இரண்டு சதவீதம் கூடினால் போதும், அதாவது 80. அதற்கு மேல் போட்டால் புகையும் பெட்ரோல் செலவும்தான் கூடும். பிளக் பழுப்பாக இருக்கிற வண்டியில் கைவைக்கவே வேண்டாம்.

கரும்பா, கண்மாயா என்ற கேள்வியையும் இந்த ஊரில் தள்ளிவைக்க முடியாது. ஒரு டன் கரும்பிலிருந்து ஏறக்குறைய 70 லிட்டர் எத்தனால். சர்க்கரை வழியாக ஒரு லிட்டர் எத்தனாலுக்கு 2,860 லிட்டர் தண்ணீர் என்பது நிதி ஆயோக் அறிக்கையின் கணக்கு. வடகிழக்கு மழை பொய்த்தால் கண்மாய் வெடித்துக் கிடக்கும் சிவகங்கைச் சீமைக்காரருக்கு அந்த எண்ணின் கனம் தெரியும். மழை குறைந்ததும் 2023 டிசம்பரில் மத்திய அரசே கரும்புச் சாற்றை எத்தனாலுக்குத் திருப்புவதைக் கட்டுப்படுத்தியது. மக்காச்சோளத்துக்கு மாறியதும் கோழித்தீவன விலை பேச்சாயிற்று. கழிவுப் பாகிலிருந்து வருகிற எத்தனாலும், பழுதான தானியத்திலிருந்து வருவதும் நியாயமானவை. இறக்குமதி எண்ணெய்க்குப் போகிற அந்நியச் செலாவணி மிச்சமாவதும் பெரிய நன்மைதான். நல்ல தண்ணீரையும் நல்ல சோளத்தையும் டேங்க்கில் ஊற்றுவது அதே கணக்கில் வராது.

பங்க்கில் என்ன போடுகிறோம் என்று பார்க்க

100 மி.லி. அளவு குறித்த கண்ணாடிக் குடுவை ஒன்று போதும். 50 மி.லி. தண்ணீர், 50 மி.லி. பெட்ரோல். வாயை மூடி ஒரு நிமிடம் குலுக்கி, மெதுவாகத் திறந்து ஆவியை விட்டு, பத்து நிமிடம் வைக்க வேண்டும். எத்தனால் முழுவதும் தண்ணீருக்கு வந்துவிடும். கீழ்க்கோடு 50-இலிருந்து 59, 60-க்கு ஏறினால் அது இ20. 54, 55 என்றால் இ10. தண்ணீரும் எத்தனாலும் சேரும்போது கொஞ்சம் சுருங்கும், அதனால் ஒரு கோடு குறைவாகக் காட்டுவது இயல்பு. சோதித்த பெட்ரோலை டேங்க்கில் திரும்ப ஊற்றக்கூடாது, பிரிவை நாமே தொடங்கி வைத்ததாகிவிடும்.

பங்க்கில் அடர்த்தி பார்க்கக் கேட்கலாம். லாரி வந்தபோது பதிந்த எண்ணுக்கும் இப்போதைய எண்ணுக்கும் கன மீட்டருக்கு மூன்று கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. ஐந்து லிட்டர் படியில் அளந்து காட்டச் சொல்வதும் வாடிக்கையாளர் உரிமை. ஆனால் அடைமழை நாளில், தரைத்தொட்டி மூடியைச் சுற்றித் தண்ணீர் தேங்கி நிற்கும் பங்க்கில் போடாமல் நகர்ந்துவிடுவதே மேல். பழைய நாளில் தொட்டிக்குள் போன தண்ணீர் அடியிலேயே கிடக்கும், பேஸ்ட் தடவிய கம்பியில் நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும். இப்போது எத்தனால் அதைக் கரைத்து ஒளித்துவிடுகிறது. பிரிந்த அடிக் கலவையையும் பழைய வகைப் பேஸ்ட் சரியாகக் காட்டாது, எத்தனாலுக்கென்று வந்த பேஸ்ட்தான் காட்டும்.

பூட்டிவிட்டுப் போகிறவர்களுக்கு

இரண்டு மாதத்துக்குள் திரும்ப வருவதாக இருந்தால் டேங்க்கை முழுதாக நிரப்பி, காக்கை மூடி, எஞ்சினைத் தானாக நிற்கும்வரை ஓடவிட்டால் போதும். கிண்ணம் காலியாகிவிடும். நிறைந்த டேங்க்கில் காற்றிடம் இல்லை, தகடு துருப்பிடிக்காது.

மழைக்காலம் குறுக்கே வருகிறதென்றால் நிரப்பக்கூடாது, காலி செய்ய வேண்டும். கடைசிச் சொட்டு வரை வடித்து, கிண்ணத்தின் அடித் திருகையும் தளர்த்தி வடித்து, 50 மி.லி. 2டி ஆயிலை டேங்க்கில் உருட்டி விடவேண்டும். அடுத்த முறை முதல் இரண்டு லிட்டரோடு அந்த ஆயில் கலந்து கொஞ்சம் புகை வரும், கெடுதல் இல்லை. இதையே சாக்காக வைத்து நான்குஸ்ட்ரோக் வண்டியில் ஒவ்வொரு முறையும் பெட்ரோலில் ஆயில் கலப்பவர்கள் இருக்கிறார்கள். எத்தனாலை அது தடுக்காது, பிளக்கைத்தான் கரியாக்கும்.

காரில் வடிப்பது எளிதல்ல. பெரும்பாலான கார்களில் டேங்க் பிளாஸ்டிக், துரு பயமும் குறைவு. நிரப்பி விட்டுவிட்டு, பார்த்துக்கொள்பவரிடம் சாவியைக் கொடுத்து, பதினைந்து நாளைக்கு ஒரு முறை பத்துக் கிலோமீட்டர் ஓட்டச் சொல்ல வேண்டும். நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைத்தால் புகைக்குழாயிலும் எஞ்சின் ஆயிலிலும் தண்ணீர் சேரும், அதைவிட ஓட்டாமல் விடுவது நல்லது.

வண்டியை முற்றத்து மூலையிலிருந்து நகர்த்தி முகப்புப் பக்கம், ஓடு ஒழுகாத இடத்தில் நிறுத்த வேண்டும். புரட்டாசி முடிவதற்குள், முதல் ஐப்பசி மழைக்கு முன்னால், பார்த்துக்கொள்பவர் வந்து சாக்கை விலக்கி, டேங்க் மூடியைத் திறக்காமல், ஸ்போக் கம்பியால் அந்தப் பள்ளத்துத் துளையைக் குத்திவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பார்க்க வேண்டும். வண்டிக்கு அடியில் சொட்டினால் சாக்கைப் போட்டுவிட்டுப் போகலாம்.